சி பாய்ஷி: தூரிகைக்காரரா, கல் வெட்டியவரா?

கல்லெழுத்து எழுதியது:

சீன ஓவியர் சி பாய்ஷி என்றதும் எல்லோரும் இறாலில் போய் நிற்கிறார்கள். வெறும் தாளில் நாலைந்து இறால், தண்ணீருக்கென்று ஒரு கோடுகூடப் போடாமல் தண்ணீர் தெரியும். நல்ல ஓவியம்தான், மறுப்பில்லை. ஆனால் இந்த இழை அதற்காக இல்லை. அவர் பாதி வாழ்நாளுக்கு மேல் விடாமல் செய்த இன்னொரு வேலை, கல்லில் முத்திரை வெட்டுவது. தனக்குத் தானே வைத்துக்கொண்ட பட்டங்களில் ஒன்று, 'முந்நூறு கல் முத்திரைகளுக்குச் சொந்தக்காரனான பணக்காரன்'. தன் கலைகளை வரிசைப்படுத்தும்போது கவிதை முதலில், முத்திரை இரண்டாவது, எழுத்து மூன்றாவது, ஓவியம் கடைசி என்பாராம். அதில் கொஞ்சம் குறும்பு இருக்கலாம். முழுக்கக் குறும்பு என்று நான் நினைக்கவில்லை.

தெரியாதவர்களுக்காக வாழ்க்கைக் கதை சுருக்கமாக. 1864 ஜனவரி 1 அன்று ஹுனான் மாகாணம் சியாங்தானில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தாய்வழித் தாத்தாவிடம் ஒரு வருஷத்துக்கும் குறைவான படிப்பு. அப்புறம் மாடு மேய்த்தார். உடம்பு நோஞ்சான், ஏர் பிடிக்கத் தெம்பில்லை. அதனால் தச்சு வேலைக்கு அனுப்பினார்கள். முதலில் வீட்டுக் கூரை, உத்தரம் போடும் முரட்டு வேலை. அதுவும் முடியாமல், கட்டில், பெட்டிகளில் பூவும் உருவமும் செதுக்கும் நுண்தச்சுக்கு மாறினார். இருபது வயது வாக்கில் வேலைக்குப் போன ஒரு வீட்டில் 'கடுகுவிதைத் தோட்டம்' என்ற பழைய ஓவியப் பாடநூலின் குறைப்பிரதி கண்ணில் பட்டது. அதைக் கடன் வாங்கி, ராத்திரியில் மெல்லிய தாள் வைத்து ஒவ்வொரு படமாக நகல் எடுத்தார். 1889-ல் ஹூ சின்யுவான் என்ற ஊர்ப் பெரியவர் சீடனாக ஏற்று ஓவியமும் கவிதையும் கற்றுக்கொடுத்தார். அதற்குப் பிறகுதான் தச்சு உளியைக் கீழே வைத்தார். கொஞ்ச காலம் செத்துப்போனவர்களின் உருவப்படம் வரைந்து குடும்பம் நடத்தினார்.

கல் வந்தது 1896 வாக்கில், அவருக்கு முப்பத்திரண்டு வயதிருக்கும்போது. அவரே சொன்ன கதை இது. சாங்ஷா நகரத்திலிருந்து வந்த ஒரு பிரபல முத்திரைக்காரரிடம் கல்லைக் கொடுத்தார். அந்த ஆள், 'இன்னும் சமமாகத் தேய்த்துக் கொண்டு வா' என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் ரோஷம் வந்து, பாதத்தோல் சீவுகிற கத்தியை எடுத்துத் தானே வெட்டிவிட்டார்.

என் கட்சி இதுதான்: பிற்காலத்தில் உலகம் கொண்டாடிய அவருடைய தூரிகைக் கோடு அந்தக் கத்தியிலிருந்து பிறந்தது. மறுக்கிறவர்கள் வரலாம்.

---

மதுரைக்காரி எழுதியது:

அடிப்படையான ஒரு சந்தேகம், யாரும் சிரிக்கக் கூடாது. முத்திரை என்றால் நம் தாலுகா ஆபீஸில் குத்துகிற ரப்பர் ஸ்டாம்ப் மாதிரிதானே? ஓவியர் எதற்கு அதை உட்கார்ந்து வெட்ட வேண்டும்? கடையில் கொடுத்தால் போதாதா?

---

கல்லெழுத்து எழுதியது:

சிரிக்க என்ன இருக்கிறது மேடம். வெகு காலம் சீனாவிலும் அப்படித்தான் இருந்தது. முத்திரை என்றால் வெண்கலம், ஜேட் என்கிற பச்சைக்கல், தந்தம். எல்லாம் கடினமான பொருள், கைவினைஞர்தான் செய்வார். படித்த கனவான் எழுத்தை எழுதிக் கொடுப்பதோடு சரி.

கல் வந்ததும் கதை மாறியது. பதினான்காம் நூற்றாண்டில் வாங் மியென் என்ற ஓவியர் மெத்தென்ற கல்லில் தானே முத்திரை வெட்டிக்கொண்டார். பிறகு பதினாறாம் நூற்றாண்டில் வென் பெங். நான்ஜிங் தெருவில் யாரோ விற்றுக்கொண்டு போன கல் கூடைகளை வாங்கி, தந்தத்தை விட்டுக் கல்லுக்கு வந்தார் என்று சொல்வார்கள். அதற்கப்புறம் படித்தவர்கள் எல்லோரும் கத்தி பிடித்தார்கள். கவிதை, எழுத்து, ஓவியம், முத்திரை நான்கும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது. ஓவியத்தில் அந்தச் சிவப்புச் சதுரம் எங்கே விழுகிறது என்பதும் ஓவியத்தின் பகுதிதான். இடம் தவறினால் படமே சாய்ந்துவிடும்.

இங்கேதான் சி பாய்ஷி எனக்குப் பிடிக்கும். மற்றவர்கள் படிப்பிலிருந்து கைவேலைக்கு இறங்கி வந்தவர்கள். இவர் கைவேலையிலிருந்து ஏறி வந்தவர். அதை மறைக்கவும் இல்லை. தச்சர்களின் குலதெய்வமான லூ பான் பெயரைச் சொல்லி 'லூ பானின் வழி வந்தவன்' என்று ஒரு முத்திரை. 'மர மனிதன்' என்று ஒன்று. 'பெருந்தச்சன் வாயில்' என்று ஒன்று. லட்ச ரூபாய் ஓவியத்தின் மூலையில் 'நான் ஆசாரி' என்று குத்துகிறார், எவ்வளவு திமிர் பாருங்கள்.

---

தச்சன்மகன் எழுதியது:

அண்ணே, அந்தத் திமிர் சும்மா வந்ததில்லை. எங்கள் அப்பா மரச்சிற்பி, தேர் வேலைக்குப் போனவர். ஆசாரி ஓவியம் வரைந்தால் 'பரவாயில்லையே, நன்றாக வரைகிறாரே' என்பார்கள். அந்தப் 'பரவாயில்லையே'வில் என்ன இருக்கிறது என்பது கேட்டவனுக்குத்தான் தெரியும்.

சி பாய்ஷியும் அதை வாங்கியவர்தான். 1899-ல் வாங் கையுன் என்ற பெரும் புலவரிடம் சீடராகச் சேர்ந்தார். அங்கே ஏற்கெனவே ஒரு கொல்லர், ஒரு கன்னார் சீடர்களாக இருந்தார்கள். இவரோடு சேர்த்து 'வாங் வீட்டு மூன்று கைவினைஞர்கள்' என்று ஊர் பேசியது. பாராட்டா, கிண்டலா என்று கேட்டால் இரண்டும்தான்.

கத்தி விஷயத்துக்கு வருகிறேன். அவர் முதலில் பழகியது டிங் ஜிங், ஹுவாங் யீ என்ற பழைய ஆசிரியர்களின் வழி. அதில் கத்தியைச் சின்னச் சின்னதாக நறுக்கி நறுக்கி நகர்த்துவார்கள், கோடு நடுங்கிய மாதிரி இருக்கும். பிறகு ஜாவ் ஜிச்சியென் வழிக்குப் போனார். அதற்கப்புறம் பழைய ஹான் அரச வம்சக் காலக் கல்வெட்டுகளையும், அவசரத்தில் வெட்டிய ஹான் தளபதிகளின் முத்திரைகளையும் பார்த்து எல்லாவற்றையும் உதறினார். கடைசியில் நின்றது ஒரே தள்ளு. ஒரு கோட்டுக்கு ஒரு பக்கத்திலிருந்து ஒரு முறைதான் கத்தி போகும், திரும்பி வந்து மறுகரையைச் சீர்செய்கிற வேலையே இல்லை. இது மரத்தில் பழகியவன் கை. சுத்தியல் இல்லாமல் தோளிலிருந்து உளியைத் தள்ளுகிற பழக்கம் வருஷக்கணக்காக இருந்தால்தான் கல்லில் அந்தத் தைரியம் வரும்.

---

அடிக்குறிப்பு எழுதியது:

//உலகம் கொண்டாடிய அவருடைய தூரிகைக் கோடு அந்தக் கத்தியிலிருந்து பிறந்தது//

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காலவரிசை இடிக்கிறது. ஓவியம் முதலில், முத்திரை பிறகு. நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஹூ சின்யுவானிடம் அவர் கற்றது நுண்கோட்டு ஓவியம். சிள்வண்டின் சிறகு, தும்பியின் கால், வெட்டுக்கிளியின் மீசை. கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய வேலை. கடைசிவரை அதை அவர் விடவில்லை. கண் நன்றாக இருக்கும்போதே தாள்களில் பூச்சிகளை மட்டும் வரைந்து வைத்துக்கொண்டார், இலையும் பூவும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று. அப்படிப் பூச்சி மட்டும் இருக்கிற தாள்கள் இன்றும் இருக்கின்றன.

தாமரை இலைக்கும் கொடிக்கும் உங்கள் கத்தி சரி. சிள்வண்டுச் சிறகுக்கு எந்தக் கத்தி?

---

சிராங்கூன்வாசி எழுதியது:

நான் சிங்கப்பூரில் ஒரு சமூக மன்ற வகுப்பில் முத்திரை வெட்டப் பழகுகிறேன். எங்கள் ஆசிரியை சீன மூதாட்டி, சி பாய்ஷி பைத்தியம். அங்கே கண்டதைச் சொல்கிறேன், வாதத்துக்கு உதவினால் உதவட்டும்.

கல் என்றதும் கருங்கல்லை நினைக்காதீர்கள். நம் கல்சட்டி செய்கிற மாக்கல் மாதிரி மெத்தென்று இருக்கும். செஜியாங் மாகாணத்துச் சிங்தியென் கல்தான் பழக நல்லது, வெண்ணெய் வெட்டுகிற மாதிரி வராது, ஆனால் சொன்னபடி கேட்கும். ஃபூஜியான் ஷோஷான் கல் விலை அதிகம். அதில் மஞ்சள் ரகம் ஒன்று உண்டு, தங்கத்தைவிட விலை என்பார்கள். சாங்ஹுவாவில் ரத்தம் சிந்திய மாதிரி சிவப்புத் திட்டுள்ள கல் வரும்.

கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளைப் பரப்பி, கல்லின் முகத்தை அதில் வட்டமாகத் தேய்ப்போம். கட்டைவிரலால் தடவினால் எங்கும் ஏற்ற இறக்கம் தெரியக் கூடாது. அப்புறம் எழுத்தை இடவலமாகத் திருப்பி எழுத வேண்டும். எல்லோரும் தாளில் எழுதிக் கல்லில் ஒற்றி எடுப்பார்கள். சி பாய்ஷி நேராகக் கல்லிலேயே திருப்பி எழுதுவார், அதுவும் நாலைந்து கோட்டில் இடத்தைக் குறித்துக்கொண்டு மீதியைக் கத்தியிடம் விட்டுவிடுவார் என்று ஆசிரியை சொல்வார்.

கத்தி பென்சில் போலக் கூர்மையாக இருக்காது. தட்டையான எஃகுக் கம்பி, நுனியில் இரண்டு பக்கமும் சாய்த்துத் தீட்டியிருக்கும். ஒரு மூலையைக் கல்லில் குத்திச் சாய்த்துத் தள்ளினால் கிர்ரென்று ஒரு சத்தம். கத்தி படுத்த பக்கத்தில் கரை வழவழவென்று வரும், எதிர்ப் பக்கத்தில் பொடிப்பொடியாகச் சிதறும். சாதாரணமாக இந்தச் சிதறலைக் கண்டால் பயந்து, கல்லைத் திருப்பி மறுபக்கமும் வெட்டி ஒழுங்குபடுத்துவோம். அவர் அதை அப்படியே விட்டார். சாதிலிங்கம், மாசிபத்திரி நார், ஆமணக்கெண்ணெய் சேர்த்த சிவப்புப் பசையில் ஒற்றித் தாளில் வைத்தால் ஒரு கரை சவரம் செய்த மாதிரி, மறுகரை கிழிந்த துணி மாதிரி விழும். அவர் முத்திரையைத் தூரத்திலிருந்தே அடையாளம் காண இது ஒன்று போதும்.

இன்னொன்று. எழுத்துகளை ஒரு மூலையில் நெருக்கித் தள்ளிவிட்டு, நடுவில் பெரிய இடத்தைச் சும்மா விடுவார். அடிக்குறிப்பு சார், இறால் ஓவியத்தில் அந்த வெற்றுத் தண்ணீரைப் பாருங்கள். கோடு கத்தியிலிருந்து வந்ததா என்று எனக்குத் தெரியாது. வெற்றிடம் கல்லிலிருந்து வந்தது என்று நான் அடித்துச் சொல்வேன்.

---

அடிக்குறிப்பு எழுதியது:

வெற்றிட வாதம் கோட்டு வாதத்தைவிட வலுவானது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவும் பழைய சீன ஓவியத்தில் நூற்றாண்டுகளாக இருக்கிற விஷயம்.

---

பிறைமதி எழுதியது:

எல்லோரும் சி பாய்ஷியையே தூக்குகிறீர்கள், வூ சாங்ஷோவை மறந்துவிட்டீர்களே. 1844-ல் பிறந்தவர், இவருக்கு இருபது வயது மூத்தவர். தைப்பிங் கிளர்ச்சியிலும் பஞ்சத்திலும் குடும்பத்தில் பெரும்பாலோரைப் பறிகொடுத்து அலைந்தவர். பழைய கல் முரசுகளில் உள்ள எழுத்தை வாழ்நாள் முழுக்கப் பிரதி செய்து, அந்தப் பலத்தைக் கத்திக்கும் தூரிகைக்கும் கொண்டுவந்தார். ஹாங்சோ மேற்கு ஏரிக் கரையில் 1904-ல் தொடங்கிய சீலிங் முத்திரைச் சங்கத்துக்கு 1913-ல் முதல் தலைவர் அவர்தான். கல்லிலிருந்து ஓவியத்துக்கு வந்த கோடு என்று ஒருவரைச் சொல்வதானால் முதலில் அவரைச் சொல்ல வேண்டும். உங்கள் ஆள் அவரைப் பார்த்துக் கற்றவர்.

---

கல்லெழுத்து எழுதியது:

கற்றவர்தான், யார் இல்லை என்றது? ஆனால் கல்லில் இரண்டு பேரும் எதிர்த் திசை. வூ வெட்டி முடித்தபின் ஓரத்தைத் தட்டுவார், தேய்ப்பார், சுரண்டுவார். மண்ணுக்குள் ஆயிரம் வருஷம் கிடந்த மாதிரி ஆக்குவார், அழகாகவும் இருக்கும். சி பாய்ஷி அந்த ஒப்பனையே வேண்டாம் என்றார். இன்று வெட்டியது இன்று வெட்டிய மாதிரியே இருக்கட்டும் என்பது அவர் கட்சி.

இவர்களுக்குள் ஒரு உரசலும் உண்டு. 'வடக்கே ஒருவன் என் தோலையும் மயிரையும் கற்றே பெயர் வாங்கிவிட்டான்' என்று வூ சொன்னதாக ஒரு பேச்சு. தோல், மயிர் என்றால் வெறும் மேலோட்டம் என்று பொருள். யாரைச் சொன்னார் என்பதில் அடிதடி இருக்கிறது. சி பாய்ஷி பதில் பேசவில்லை, 'கிழவனான நானும் அந்தத் தோல்–மயிர்க் கூட்டம்தான்' என்று ஒரு முத்திரை வெட்டிவிட்டார். சண்டை போடுவதானால் இப்படிப் போட வேண்டும்.

---

தச்சன்மகன் எழுதியது:

பெய்ஜிங் கதையை யாரும் தொடவில்லையே. கல் பெரிதா, தூரிகை பெரிதா என்பதற்கு அதுதான் சாட்சி.

1902 முதல் 1909 வரை ஐந்து தடவை ஊரைவிட்டுக் கிளம்பிச் சீனா சுற்றினார். அப்புறம் ஊரோடு இருந்துவிடத்தான் நினைத்தார். ஹுனானில் படைகளும் கொள்ளைக்காரர்களும் ஆட்டம் போட்டதால் 1917-ல் பெய்ஜிங்குக்கு ஓடிவந்தார், 1919-ல் நிரந்தரமாகத் தங்கினார். ஐம்பது தாண்டியவர். அந்த ஊரில் பெயர் கிடையாது. ஒரு விசிறி ஓவியத்துக்கு இரண்டு வெள்ளிக்காசு, மற்றவர்கள் விலையில் பாதி. அதற்கும் ஆள் வரவில்லை.

லியுலிச்சாங் கடைத்தெருவில் அவர் வெட்டிய முத்திரைகளைப் பார்த்து ஒருவர் வீடு தேடி வந்தார். அவர் சென் ஷிசெங், அந்த ஊரில் பெரிய ஓவியர், அறிஞர். கவனியுங்கள், தேடி வரவழைத்தது ஓவியமல்ல, கல். வந்தவர் ஓவியங்களையும் பார்த்துவிட்டு, 'பழைய பாணியை விடு, உன் வழியில் போ' என்றார். அறுபதை நெருங்குகிற மனிதர் அந்தப் பேச்சைக் கேட்டு, பத்து வருஷம் போலப் பாடுபட்டுத் தன் கையையே மாற்றினார். அடர்ந்த கறுப்பு மை இலை, பளீர்ச் சிவப்புப் பூ எல்லாம் அப்போது வந்ததுதான். 1922-ல் சென் அவருடைய ஓவியங்களைத் தோக்கியோ கண்காட்சிக்குக் கொண்டுபோனார். அத்தனையும் விற்றது, இரண்டு வெள்ளிக்காசுக்குப் போகாத கை நூறு காசு, அதற்கு மேலும் வாங்கியது. மறு வருஷமே சென் இறந்துவிட்டார்.

---

பிறைமதி எழுதியது:

சரி, இன்னொரு பக்கத்தையும் பேசுவோம். மாவோவும் அதே சியாங்தான்காரர். புது அரசு வந்ததும் சி பாய்ஷி மாவோவுக்கு முத்திரை வெட்டிக் கொடுத்தார். 1953-ல் 'மக்கள் கலைஞர்' பட்டம், ஓவியர் சங்கத் தலைமை. அப்புறம் உலக அமைதிப் பரிசு. ஏழைத் தச்சன் மகாகலைஞன் ஆன கதை அரசுக்குத் தோதாக இருந்தது. புகழில் பாதி அங்கிருந்து வந்தது என்று சொன்னால் கோபப்படுவீர்களா?

---

கல்லெழுத்து எழுதியது:

கோபம் இல்லை. அந்தக் கதை அரசுக்குத் தோதாக இருந்தது உண்மை. ஆனால் 1920-களின் கடைசியிலேயே முதலில் லின் ஃபெங்மியென், பிறகு சூ பெய்ஹோங் என்று இரண்டு பேரும் பாரிஸில் படித்து வந்த நவீனர்கள், ஒரு வருஷம்கூடப் பள்ளிக்கூடம் காணாத இந்த மனிதரைப் பெய்ஜிங் கலைப் பள்ளிக்கு ஆசிரியராகக் கூட்டிப் போனார்கள். அரசு வந்து தூக்கிவிட்ட ஆள் இல்லை.

ஜப்பானியர் பெய்ஜிங்கைப் பிடித்திருந்த காலத்தில், 'அரசாங்க ஆட்களுக்கு ஓவியம் விற்பதில்லை' என்று வாசலில் ஒட்டினார். இதய நோய், யாரையும் பார்ப்பதில்லை என்றும் எழுதி வைத்தார். பணம் என்று வந்தால் காசுக்குக் காசு கறாரான மனிதர் அவர். சிவப்புச் சாயம் சேர்த்தால் தனிக் கட்டணம், முத்திரைக்கு எழுத்துக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியலைச் சுவரில் தொங்கவிட்டவர். அவர் வருமானத்தை விட்டது சின்ன விஷயம் இல்லை.

---

மதுரைக்காரி எழுதியது:

ஒரு இடத்தில் 97 வயது என்று இருக்கிறது. 1864-ல் பிறந்து 1957 செப்டம்பரில் இறந்தால் 93 தானே வருகிறது?

---

அடிக்குறிப்பு எழுதியது:

93 தான். சீன முறையில் பிறந்ததும் ஒரு வயது, ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் இன்னொன்று கூடும்; அப்படி எண்ணினால் 95. போதாததற்கு 1937-ல் கண்டம் இருக்கிறது என்று ஜோசியர் சொன்னதைக் கேட்டு, அந்த வருஷத்தைத் தாண்டுவதற்காகத் தன் வயதில் இரண்டைக் கூட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு ஓவியங்களில் அவர் எழுதிய வயதெல்லாம் கூட்டிய வயது. காலம் கணிக்கிறவர்கள் கழித்துப் பார்க்க வேண்டும்.

---

மதுரைக்காரி எழுதியது:

ஜோசியருக்கே கணக்குக் காட்டியிருக்கிறார்! கடைசியாக ஒன்று. இவ்வளவு முத்திரை இருந்தால் போலி ஓவியத்தைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாமே?

---

சிராங்கூன்வாசி எழுதியது:

அங்கேதான் சிக்கல். 1925-ல் அவர் வரைந்த பன்னிரண்டு நிலக்காட்சித் திரைகள் 2017-ல் பெய்ஜிங் ஏலத்தில் 93.15 கோடி யுவானுக்குப் போயின. இந்த விலைக்கு ஆசைப்படாத போலிக்காரன் உண்டா? முத்திரைப் பதிவைப் படமெடுத்து இயந்திரத்தில் வெட்டுகிறார்கள். ஆனால் இயந்திரம் வெட்டியதில் சிதறிய கரையும் வழுவழுக் கரையும் ஒரே ஆழம் இருக்கும், தாளில் மசி ஒரே சீராக விழும். கத்தியால் வெட்டிய கல்லில் கோடு தொடங்குகிற இடம் ஆழம், முடிகிற இடம் மேலோட்டம். அதைப் பார்க்கப் பழக வேண்டும், அதுவும் படத்தில் பார்த்தால் தெரியாது. குடும்பத்தார் கொடுத்த முத்திரைக் கற்கள் நிறையப் பெய்ஜிங் நுண்கலை அகாதெமியிடம் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் பதிவை அவற்றோடுதான் ஒப்பிட வேண்டும். பொருந்தினாலும் முத்திரையை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். நல்ல முத்திரை, கெட்ட ஓவியம் என்று ஒரே தாளில் நானே பார்த்திருக்கிறேன்.

---

அடிக்குறிப்பு எழுதியது:

அப்படியானால் போலிக்காரர்களுக்கும் கல்தான் முதலில், ஓவியம் கடைசி. கல்லெழுத்துக்கு ஆதரவாக ஒரு ஓட்டு சேர்த்துக்கொள்ளுங்கள். சிள்வண்டுக் கேள்வியை நான் திரும்பப் பெறவில்லை.